அடிக்குழி

எழுந்து உட்காராதே என்றார் டாக்டர் லமாரா.
புரளாதே. விளக்கைப் போடாதே.
படுத்தபடியே எழுது, ஸாவுர்.
நிமிர்ந்தால் கொட்டிவிடும்.

தனியாக நோட்டு வாங்கவில்லை.
லிஃப்ட் வேலை எழுதும் நீளப் பேரேட்டில்
பின்பக்கம் காலியாக இருந்தது.
முன்னாலிருந்து: க்ல்தானி, ஏழாம் பிளாக்,
கயிறு தேய்ந்திருக்கிறது, எண்ணெய் விட்டேன்.
பின்னாலிருந்து: மழை. பள்ளிக்கூடம்.
என் வாய்க்குள் யாரோ வைத்த சட்டைப் பொத்தான்.

இருட்டில் வரிமேல் வரி ஏறிக்கொள்கிறது.
விடிந்தபின் எனக்கே பிடிபடாது.
குதிரை என்று படித்தது
குளிராகவும் இருக்கலாம்.
திருத்தவில்லை.

இருபது வருஷமாய்ப் பார்க்கிறேன்,
கதவுக்கும் தரைக்கும் நடுவே விரலளவு சந்து,
அதில் நழுவியதெல்லாம்
அடிக்குழியில் கிடக்கும்.
சாவிகள், லிஃப்டுக்குப் போடும் காசுகள்,
காகிதத்தில் மடித்த ஒரு பால்பல்.
மாடிக்காரர்கள் தொலைந்துவிட்டது என்பார்கள்.
விழுந்தது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

மார்ச் வரை அறுபத்தொரு கனவு.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
ரொட்டியைக் கடித்துக்கொண்டே எண்ணினேன்.
தண்ணீர் பதினான்கு. பல் மூன்று.
என்னைவிட்டுப் போனவள் இரண்டு,
இரண்டிலும் சிரித்த முகமாய்.
ஓதியா, ஒன்றுகூட இல்லை.
அம்மாவின் பியானோவை நான் விற்ற வாரம்
ஒரு வார்த்தை பேசாமல் பதூமிக்குப் போன தம்பி.
சரி, அது ஆறிவிட்டது என்று நினைத்தேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் பேரேட்டைப் புரட்டினார்.
"கதவு ஏன் மூடுவதே இல்லை?"
எந்தக் கதவு?
பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.
குளியலறைக் கதவு மூடவில்லை.
பஸ் கதவு மூடவில்லை.
ஓரிடத்தில் சவப்பெட்டி.
என் கையெழுத்துதான்.

என் தொழிலில் இதற்குக் காரணம் இரண்டே.
சென்சார் கெட்டிருக்கும்,
இல்லாவிட்டால்
யாரோ கால் வைத்திருப்பார்கள்.

அன்றிரவு கனவே இல்லை.
மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் விடிந்ததும் பார்த்தால்
இவ்வளவுதான் எழுதியிருந்தது:
பழுப்பு ஷூ. நாடா அவிழ்ந்திருக்கிறது.
அதன் கீழே, வேலைக்கு எழுதும் கட்டை எழுத்தில்,
சோதித்தேன். பழுது இல்லை.

முன்னாலிருந்து வரும் எண்ணெய்க்கும்
பின்னாலிருந்து வரும் மழைக்கும் நடுவே
இன்னும் நான்கு தாள் இருக்கிறது.
பதூமிக்கு நான் போன் செய்யவில்லை.