தபால், அறுபத்திரண்டு கிலோ

ஓடுபாதையின் இரு முனையிலும்
மஞ்சள் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட
புவனோஸ் ஐரிஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்,
சாலை வழியாக.

மண்ணில் பெயின்ட் நிற்கவில்லை.
காற்று அதைப் புழுதியோடு அள்ளி
சிலிப் பக்கம் கொண்டுபோனது.
பிறகு பலகை கேட்டார்கள்.
எவாரிஸ்தோ கார்க்கமோ
ஆட்டுப்பட்டியின் பழைய கதவை அறுத்துக் கொடுத்தான்.
கூலி வேண்டாம் என்றான்.
ஆணியை மட்டும் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்றான்.

பாசோ அமார்கோவில் நான்
இருபத்தாறு வருடம் ஆட்களை எடை போட்டவள்.
கம்பளி மூட்டை நிறுக்கும் தராசுதான்.
செஸ்னாவில் ஐந்து இருக்கை,
பாதை முடிந்த இடத்தில் வேலி, அதற்கப்பால் மலை.
பத்துக் கிலோ பொய் சொன்னால்
சக்கரம் கம்பியில் உரசும்.
பாதிரியார் எப்போதும் எழுபது என்பார்.
தராசு எண்பத்து நான்கு என்னும்.
நான் தராசைத்தான் எழுதினேன்.

வியாழக்கிழமை மருத்துவர் வருவார்.
இன்ஜின் சத்தம் கேட்டதும்
பள்ளிக்கூடம் மொத்தமும் வெளியே ஓடி
பாதையில் படுத்திருக்கும் குவானாக்கோக்களை விரட்டும்.
ஆசிரியை அதை
உடற்பயிற்சி வகுப்பு என்று கணக்குக் காட்டினாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள்.
அவர்கள் நாட்டு ஆஸ்பத்திரிக்கு
குதிரையில் மூன்று நாள்.
பெயர் எழுதினால் விசாரணை வரும்.
ஆகவே எழுதினேன்:
தபால், அறுபத்திரண்டு கிலோ.
தபால், நாற்பத்தெட்டு. இருமல் இருக்கிறது.
ஒரு முறை தபால் பிள்ளை பெற்றது.
போகும்போது எழுபத்தொன்று,
திரும்பும்போது அறுபத்து மூன்று.
கையிலிருந்த மூன்று கிலோவை
பதிவுத் தபால் என்று தனி வரியில் எழுதினேன்.

அந்த ஜூன் மாத இரவு பற்றி
அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.
பீச் பழ டின்களில் மண்ணெண்ணெய் ஊற்றி
இரண்டு வரிசையாகக் கொளுத்தினோம்.
பனியில் பாதி அணைந்தது.
மீதி வெளிச்சத்தில் விமானி புரூசா இறங்கினான்.
என் அனிபாலைத் தராசில் நிறுத்த முடியவில்லை.
எவாரிஸ்தோ அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினான்,
பிறகு தனியாக ஏறினான்.
கழித்தேன். எண்பத்தொன்று.

அடுத்த வியாழன்
சரக்குப் பத்தியில் வந்தான்.
பெட்டியோடு நூற்றுப் பதின்மூன்று.
பெட்டி மட்டும் எவ்வளவு என்று
யாரும் சொல்லியனுப்பவில்லை.
கழித்துப் பார்க்க வழியில்லை.

வந்த இருவரில் இளையவன்
பதிவேட்டைக் கேட்டான்.
ஒப்படைக்க வேண்டிய பொருள்களில் அது ஏழாவதாம்,
காற்றுப்பைக்கும் தீயணைப்பு வாளிக்கும் நடுவே.
நின்றபடியே புரட்டினான்.
இந்த ஊரில் எத்தனை பேர் என்றான்.
நூற்றுப் பதினொன்று.
இவ்வளவு தபாலா?
நாங்கள் நிறையக் கடிதம் எழுதுவோம் என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்,
வேலியைப் பார்த்தான்,
நோட்டை மூடிப் பையில் வைத்தான்.

நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி
தார் போட்ட புது ஓடுதளம் இருக்கிறது.
விளக்குகள் தாமாக எரியுமாம்.
ஆம்புலன்ஸ் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும்
என்று பெரியவர் சொன்னார்.
பனியைப் பற்றி எவாரிஸ்தோ கேட்டான்.
அது வேறு இலாகா.

கிளம்பும்போது
இளையவன் சும்மா தராசில் ஏறி நின்றான்.
எழுபத்தேழு.
என் கை பேனாவைத் தேடியது.
அவன் இறங்கிய பிறகும்
முள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

மேற்கிலிருந்து காற்று,
நாற்பது நாட் இருக்கும்.
எப்படியும் இன்றைக்கு
யாரும் இறங்கியிருக்க முடியாது.