இரண்டாவதில் டிராம் போகிறது

ஆராடிலிருந்து ஒக்டாவ் கொடுத்தனுப்பியது,
பத்து நாள் கடன்.
வெடிகுண்டை இறக்குவதுபோல
சாப்பாட்டு மேசையில் இறக்கி வைத்தான் ஹோரியா.
சூப் கிண்ணம் ஜன்னலோரம் போயிற்று.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.
மோட்டார் சைக்கிளை விற்று வாங்கியது.
இரண்டும் பிளேனர். இரண்டுக்கும் திறந்த முதுகு.
சேர்த்து நிறுத்தால் ஒரு கிலோவுக்கு மேல்,
நம்பாதவர்கள் அவன் பிடரியைக் கேட்கலாம்.

தலைமுடியைவிட மெல்லிய சவ்வாம்.
இருபுறமும் காந்தக் கம்பி வரிசை.
நடுவில் எதையும் தொடாமல் நடுங்குமாம்.
நடுங்கியது அவன்தான்,
ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டும்
அந்த மூன்று வினாடி.
அதற்குமேல் போனால் காது மறந்துவிடும் என்கிறான்.
கல்யாண நாளை மறப்பவன்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறான்:
முதலாவது: வெதுவெதுப்பு. அடியில் நல்ல கனம்.
பியானோ ரஜாய்க்குள்ளிருந்து வருகிறது (பாராட்டுத்தான்).
இரண்டாவது: அகலம். துடைத்த கண்ணாடி.
வாசிப்பவர் மூச்சு இழுப்பது கேட்கிறது.
அடியில் ஏதோ சொரசொரப்பு. குறையா?
குறையா என்பதன் கீழே இரண்டு கோடு.

திறந்த முதுகென்றால் பாதி இசை வெளியே ஒழுகும்.
எனக்கு வாய்த்தது அந்தப் பாதி.
கொசு வாசிக்கும் பியானோ.
இந்த வீட்டில் ஏழு வருடமாக நான் கேட்ட இசையெல்லாம்
இடுப்புக்குக் கீழே இல்லாதது.

ஆறாம் நாள் ராத்திரி
ஷிஃப்ட் முடிந்து வந்து காலணியைக் கூடக் கழற்றவில்லை,
ஸ்மரண்டா, நீ கேள், என்று
என் தலையில் ஏற்றிவிட்டான்.
முதலில் அவனுடையது.
நன்றாக இருக்கிறது என்றேன்.
அப்புறம் ஒக்டாவுடையது.
அதே பியானோ, அதே மெதுவான பகுதி,
இரண்டு சுரத்துக்கு நடுவே
ஆள் எழுந்துபோன நாற்காலி மாதிரி ஒரு வெறுமை.

அதற்குள்
டுக்.
டுக்.
டுக்.

டிராம், என்றேன்.

என்ன?

டிராம். இரண்டு பெட்டி. இடப்பக்கம் வளைகிறது.
பின்பெட்டியில் ஒரு சக்கரம் சப்பை.
மழையில் யாரோ அவசரமாக பிரேக் போட்டிருக்கிறார்கள்,
சக்கரம் சுற்றாமல் சறுக்கி ஓரிடம் தேய்ந்துவிட்டது.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை நொண்டும்.
பதினாறு வருடம் ஓட்டுகிறேன், ஹோரியா,
இது எனக்குப் பிட்டத்தில் தெரியும்.

பிடுங்கி மாட்டிக்கொண்டான்.
உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
எந்த ஊர், எந்தக் கூடம் என்று.
ஊர் பெயர் போட்டிருந்தது. கூடத்துக்கு வெளியே
தண்டவாளம் உண்டா என்று யார் போடுவார்கள்.

பிறகு தன்னுடையதை மாட்டினான்.
நெடுநேரம் பேசவில்லை.
ஏழு வருடம் அவன் கனம் கனம் என்று
கண்மூடிச் சொக்கியதில்
கால்வாசி
ஒரு நொண்டி டிராம்.

நான் சிரித்திருக்கக் கூடாது.
சிரித்தேன்.
சூப்பைச் சூடாக்கினேன்.

பத்தாம் நாள் ஒக்டாவுடையது ஊர் திரும்பியது.
இப்போது அவனுடையதிலும் கேட்கிறதாம்,
கம்பளிக்கடியில் நகரும் எலி மாதிரி.
கேட்கக் கூடாதென்று நினைத்தால் சீக்கிரமே வருகிறதாம்.

படுக்கையில் கிடக்கிறேன்.
அந்தப் பக்கத்து அறையில் கொசு வாசிக்கிறது.
கனமெதுவும் சுவர் தாண்டாது,
என் பங்கில் டிராம் இல்லை.
ஆனால் மெதுவான பகுதி வந்ததும்
நின்று,
கொஞ்சம் பின்னே போய்,
மறுபடி அதே இடம்.

நாலரைக்கு டிப்போவில் இருக்க வேண்டும்.
அந்த வண்டியை ஓட்டியவர் யாரோ,
அன்றைக்கு அவருக்கு என்ன அவசரமோ.
பியானோக்காரர் அடுத்த சுரத்தை
ஒரு நொடி தாமதமாகத்தான் தொடுகிறார்.
அவருக்கும் கேட்டிருக்கும்.
போகட்டுமென்று காத்திருக்கிறார்.