முன் அனுபவம்

கொடிகாமம் சந்தைக்குப் பின்னால்
போட்டோக்கொப்பிக் கடையில் நேர்முகம்.
திரையில் மூன்று பேர். ஒருவருக்கு முகம் உறைந்துபோய்
குரல் மட்டும் பிந்தி வந்தது.

"சமாதானப் படையோடு முன் அனுபவம் உண்டா?"

ஓம், என்றேன். அப்போது எனக்கு நாலு வயது.
மொழிபெயர்த்தவர் சிரித்தார்.
சிரிப்பை அவர் மொழிபெயர்க்கவில்லை.

சொல்லாமல் விட்டது:
ஒருவன் என் கையில் சப்பாத்தி வைத்து
மேலே சீனி தூவினான்.
அதே கிழமை, அதே சீருடை,
பெரியப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனது.
இருவரும் ஒருவனா, தெரியாது.
முப்பத்தெட்டு வருடமாக
அந்த முகங்களை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கிறேன்.

பிறகு வெள்ளை வாகனங்கள்.
அவர்கள் சுடவில்லை, எண்ணினார்கள்.
எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு மீறல் இலக்கம் கிடைத்தது.
ஒரு தை மாதம் வாகனங்கள் போய்விட்டன.
எண்ணுவதற்கு ஆளில்லாமல்
மிச்சம் நடந்தது.

இப்போது என் தொழில்
முழங்காலில் நின்று முகமாலை மண்ணை
விரற்கடை விரற்கடையாகச் சுரண்டுவது.
பதினொரு வருடம்.
நல்ல நாளென்றால் ஒரு பாய் விரிக்கும் அளவு நிலம்.
சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம்
மாடு மேயலாம்.

எந்த நாடு, என்று கேட்டேன்.
"இன்னும் முடிவாகவில்லை," என்றாள் நடுவில் இருந்தவள்.
"பட்டியல் நீளம். காசு குறைவு.
ஆணை ஆறு மாதம், பிறகு வாக்கெடுப்பு."
ஒரு கை எதிராக உயர்ந்தால்?
"எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான்."
பாதி துப்புரவாக்கிய வயலை விட்டுவிட்டா?

இப்போது மூன்று முகமும் உறைந்தன.
கடைக்காரர் இளங்கீரன் றூட்டரை நிற்பாட்டிப் போட்டார்.
திரும்ப வரும்வரை
அந்தப் பேர் இல்லாத நாட்டை யோசித்தேன்.
அங்கேயும் நாலு வயதில் ஒருத்தி இருப்பாள்.
நான் சீருடையில் இறங்குவேன்.
தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது.
முதலில் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டும்;
பின்னாளில் அவள் தேடும்போது
ஒரு முகமாவது சரியாகப் பொருந்தட்டும்.

இணைப்பு வரவில்லை.
படிவத்தில் கடைசி வெற்றிடம்:
நீங்கள் எங்களிடம் கேட்க விரும்புவது.

எழுதினேன்:
சிவப்புத் தடிகளை நானே கொண்டுவரலாமா?
உங்களுடையவற்றை
ஆணை முடிந்த அன்றே பிடுங்கிவிடுவார்கள் என்று
கேள்வி.