ஒன்பது என்றேன்

கம்பெனி கொடுத்தது பதினான்கு இரவு.
பத்து முடிந்துவிட்டது.
ஹோட்டல் அறையில் ஜன்னல் திறக்காது;
பெட்டியை நானும் முழுதாகத் திறக்கவில்லை.

செல்பேசியில் ஒரு பட்டியல்:
வாடகை, ரயிலடிக்கு நடை, துணி காயப்போட இடம்,
அப்புறம் தலைப்பில்லாத ஒரு கட்டம்.
எதற்கென்று தெரியாமலேயே
ஒவ்வொரு வீட்டுக்கும் அதைக் காலியாக விட்டேன்.

செங்காங்கில் அறை புத்தம் புதுசு.
ஏசி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
நான் ராத்திரி வேலைக்குப் போகிறவள்,
பகலில்தான் தூக்கம் என்றேன்.
வீட்டுக்காரர் விதியை மறுபடி வாசித்தார்,
வாசித்தால் வெயில் இறங்கிவிடும் என்பதுபோல.

தோ பாயோ ஏஜெண்ட் கெல்வின்
முகவரிக்கு முன்னால் மூன்று கேள்வி அனுப்பினார்.
என்ன வேலை. எத்தனை பேர். என்ன இனம்.
மூன்றாவதற்குப் பதில் போட்டதும்
இரண்டு நீல டிக் விழுந்தன,
வேறெதுவும் விழவில்லை.
அந்த அறை இன்னும் காலிதான்.
தினமும் பார்க்கிறேன், விளம்பரத்தில்
அதே வெள்ளை மெத்தை, அதே மடித்த துண்டு.

ஈசூனில் லேசான சமையல் மட்டும்.
கடுகு வெடிப்பது லேசா?
போட்டதும் மூடிவிட்டால்?
ரசம் லேசு. அதன் வாசனை?
விவரமாகத்தான் கேட்டேன்;
சிப் ஆலையில் மைக்ரானுக்குக் கீழே அளக்கிறவள்.
அந்த அம்மாள் நெடுநேரம் யோசித்து
"மேகி" என்றார்.

புக்கிட் பாத்தோக்கில் எல்லாம் சரியாக இருந்தது.
நான்கு அறை, நான்கு பூட்டு,
குளிர்ப்பெட்டியில் எண் ஒட்டிய நான்கு தட்டு.
என்னுடையது மூன்று.
முன்பு இருந்தவர் விட்டுப்போன பாதி எலுமிச்சை
அதில் கல்லாகிக் கிடந்தது.
யார் அவர்?
"பார்த்ததில்லை. பணம் சரியாக வந்துவிடும்."

அன்றிரவு ஹோட்டல் குளியலறையில் கால் வழுக்கியது.
விழவில்லை.
குழாயைப் பிடித்துக்கொண்டு, நுரையோடு,
கணக்குப் போட்டேன்:
விழுந்திருந்தால் எத்தனை நாள்?
இங்கே ஒன்று. துடைக்க வருவார்கள்.
மூன்றாம் எண்ணில்
வாடகைத் தேதி வரை.

மார்சிலிங்கில் புளோக்கைக் கண்டுபிடித்தபோது
நன்றாக இருட்டிவிட்டது.
கீழ்த்தளத்தில் துக்கம்.
மஞ்சள் துணி, வட்ட மேசைகள்,
வேர்க்கடலை உடைக்கும் சத்தம், மாஜோங் சத்தம்.
லிஃப்டைத் தேடிப் போனவள்
நேரே நின்றது படத்தின் முன்னால்.
கண்ணாடி போட்ட ஆள். சிரிப்பு கொஞ்சம் கோணல்.
திரும்பி நடப்பது சரியாகப் படவில்லை,
கைகூப்பினேன்.

வெள்ளைச் சட்டைக்காரப் பெண் தட்டை நீட்டினாள்:
மிட்டாய், சிவப்பு நூல் துண்டுகள்.
அவரைத் தெரியுமா என்று கேட்கவில்லை.
"எந்த மாடி?" என்றாள்.

ஒன்பது என்றேன்.

அறையை இன்னும் நான் பார்க்கவில்லை.

"அங்கே வரை சத்தம் கேட்டிருக்குமே.
மன்னிக்கணும். நாளையோடு முடிந்துவிடும்."
பரவாயில்லை என்றேன்,
மூன்று நாளாய்த் தூக்கம் கெட்டவளைப் போல.

அலமாரிக் கதவு சாத்தாது.
விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் முனகும்.
ரயிலடிக்குப் பதினாறு நிமிடம், மழையென்றால் இருபது.
ஜன்னலில் கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூர் விளக்குகள்,
வேறு நாட்டு மின்சாரம், இலவசமாக.
கம்சியா சமையலறையைக் காட்டி
பன்றி மட்டும் வேண்டாம் என்றார்.
கடுகு?
"அது என்ன செய்யும்?"
என்னைவிட ஐம்பது வெள்ளி குறைத்துப் பேச
அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
கேட்டதைக் கொடுத்தேன்.

அந்தச் சிவப்பு நூலை
வீடு போய்ச் சேருமுன் எறிந்துவிட வேண்டுமாம்.
ஒரு மாதம் கழித்து, என் சாவிக்கொத்தில் பார்த்துவிட்டு
கம்சியாதான் சொன்னார்.

எறிந்திருக்கலாம்தான்.
அன்றைக்கு,
எந்த வீடு போய்ச் சேருமுன்?