கரடித் திராட்சை

வெளியே ரோடோப்பி மலைகள் பனிக்குள் கிடக்கின்றன.
உள்ளே, அடைகாக்கும் பெட்டியில், முப்பத்தேழு டிகிரி.
நேற்று வந்த சிறுநீர்கள்
தட்டுத் தட்டாக விழித்துக்கொண்டிருக்கின்றன.

ஸும்பூலாவின் தட்டை மூடி திறந்ததுமே தெரிந்துவிடும்.
ஈ.கோலை. இந்த வருடம் நான்காவது தடவை.
மாதனில் தையல் ஆலை. ஜெர்மனிக்குப் போகும் மழைக்கோட்டில்
காலர் மட்டும் தைப்பவள்.
கழிப்பறைச் சாவி மேற்பார்வையாளர் இடுப்பில் தொங்குகிறது.
ஷிஃப்டுக்கு இரண்டு முறை,
முறைக்கு நான்கு நிமிடம்.
தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டால் தொல்லையில்லை
என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

அக்டோபரில் ஒருநாள்
பாட்டிலோடு செய்தித்தாள் பொட்டலம் ஒன்றையும் நீட்டினாள்.
சிறு கரண்டிகள் போல, தோல் தடித்த இலைகள்.
மெச்சோ க்ரோஸ்தே. கரடித் திராட்சை.
பழம் மாவு மாதிரி இருக்கும், கரடிதான் தின்னும்.
இலை எங்களுக்கு.
"நீர்க்கடுப்புக்கு எல்லாரும் குடிக்கிறோம், தோன்கா.
கேட்கிறதா இல்லையா,
உன் தட்டில் போட்டுச் சொல்."

யாரிடமும் கேட்காமல், இரவுப் பணியில், போட்டேன்.
காகிதப் பொட்டு ஒன்றில் இலைச் சாறு,
எதிர்ப்பக்கம் மருந்துக்கடை மருந்து.
விடிந்தபோது மருந்தைச் சுற்றி
நிலவுக்கு ஊர்கோள் போட்ட மாதிரி வெட்டவெளி.
சாற்றைச் சுற்றி
பந்திக்கு வந்தவர்களைப் போல
நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன கிருமிகள்.

சொன்னேன். சிரித்தாள்.
"யாரும் குடிக்காத கஷாயம்
எப்படிக் கேட்கும்?"

மறுநாள் அவள் கொண்டுவந்த பாட்டில்
ஆலிவ் நிறத்தில் இருந்தது.
மூன்று கோப்பை குடித்தாளாம், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும்.
அதில் தோய்த்த பொட்டைச் சுற்றி
நகக்கண் அளவுக்கு ஒரு வெளி.
விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
இருந்தது.

இலைக்குள் மருந்து பூட்டித்தான் இருக்கிறது.
குடல் திறக்கிறது, ஈரல் மறுபடி முடிச்சுப் போடுகிறது,
சிறுநீரகம் கைமாற்றுகிறது,
கடைசியில் அந்த இருட்டுப் பைக்குள்
முடிச்சு அவிழ்கிறது. சில பேருக்கு. சில நாள்.
உடம்பு ஒன்று நடுவில் நிற்காமல்
அது வெறும் இலை.
படிவத்தில் இதை எழுதக் கட்டம் இல்லை.
எழுதவில்லை.

அந்த நகக்கண் வெளியை
அவளிடம் காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ.

பிப்ரவரியில் அவளை இருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.
பல் கிட்டும் குளிர். விலாவுக்குக் கீழே
கை வைத்தால் அலறல்.
பதினொரு நாள் குடித்திருக்கிறாள்,
காய்ச்சல் வந்த பிறகும்.
"ஒரு வாரத்துக்கு மேல் குடிக்காதே என்றேனே!"
ஏறிவிட்ட கிருமியை இலை போய் எட்டுவதில்லை.
டாக்டர் ஷெய்னோவ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு
என் தட்டுக்காகக் காத்திருந்தார்.
ஐந்து மருந்துகளை வைத்தேன். மூன்றைச் சுற்றி
பந்தி.
இரண்டுதான் பிழைத்தன.
அவளும் பிழைத்தாள்.

வீட்டுக்குப் போகும் நாள் சன்னலருகே வந்து நின்றாள்.
இலையும் கேட்கவில்லை, மாத்திரையும் கேட்கவில்லை.
"வேண்டும்போது போக வேண்டும் என்று
ஒரு தாளில் எழுதித் தா. முத்திரையோடு."

மருத்துவர் சான்று தரலாம், நான் தர முடியாது.
என்னிடம் இருப்பது ஒரே முத்திரை:
மாதிரி பெறப்பட்டது, தேதி, ஸ்மோல்யான்.
எழுதினேன். குத்தினேன். மை கொஞ்சம் பரவிவிட்டது.
அதை மடித்து, சாவி வைப்பது போல
உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

மணி மூன்று. இன்னும் பதினாறு தட்டுகள்.
மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவள்
இன்னும் எழுந்திருக்கவில்லை என்று
இப்போதுதான் உறைக்கிறது.
கையுறையைக் கழற்றுகிறேன்.