முழுப்பேர்

மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு
ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்தான் ரொஷாந்தன்.
கொழும்புக் கிடங்கில் மூன்று மாதம் மூட்டை தூக்கிய காசு.
அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னாராம் கண்டக்டர்.

அரிசி வாளிக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில்
இடம் ஒதுக்கினோம்.
மஸ்கெலியா மழை தகரத்தில் விழுந்தால்
பெட்டி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று
கையை வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

மூன்றாம் நாளே சண்டை.
என் அசைன்மென்டைப் பிரியங்கனி அழித்தாள்,
அவள் கீறிய யானையை ரொஷாந்தன் அழித்தான்,
அவன் பார்த்த எதையோ அப்பா பார்த்துவிட்டார்.
அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சில்லை.

"ஆளுக்கொரு கணக்குத் திறந்தா சரி," என்றேன்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் அம்மா.
"இன்னொரு கணக்கா?
கடையில ஒண்ணு, அடகுக்கடையில ஒண்ணு,
ஆபீஸுல கைக்காசு ஒண்ணு. போதும் புள்ள."

கடன் இல்லை என்று விளங்கப்படுத்துவதற்குள்
தேத்தண்ணி ஆறிவிட்டது.
அறை மாதிரி அம்மா. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி.
"அறையா?"
காம்பராவை ஒரு சுற்றுப் பார்த்தாள்.
பத்துக்குப் பன்னிரண்டு. ஐந்து பேர்.
ஒருத்தர் உடுப்பு மாற்றினால்
மற்ற நாலு பேரும் சுவரைப் பார்ப்போம்.

அப்பாவின் சந்தேகம் வேறு.
"அட்மின்னா யாரு, பெரிய தொரையா?"
"கிட்டத்தட்ட."
"யாரு அது?"
"நான்தான்."
"அப்ப நாங்க?"
"ஸ்டாண்டர்ட்."
பெக்டரி இரவு வேலைக்குப் புறப்படும்வரை சிரித்தார்.
படியில் நின்று திரும்பி
"சலாங்க தொர," என்றார்.

விருந்தினர் கணக்கென்று ஒன்றும் இருந்தது.
வரலாம், பார்க்கலாம், வேலை செய்யலாம்,
எதையும் தன்னுடையதென்று வைத்துக்கொள்ள முடியாது,
எத்தனை வருசம் இருந்தாலும்.
அதை மட்டும் அணைத்துப்போட்டேன்.

பிரியங்கனிக்குப் பூனைப் படம். பூனை வேண்டாம். பந்து.
பந்து வேண்டாம், பூனை.
அம்மாவின் முறை வர ஒன்பது மணியாகிவிட்டது.

முழுப்பெயர், என்று கேட்டது திரை.
வாசித்துச் சொன்னேன்.
அன்று கொழுந்து இரண்டு கிலோ குறைந்து
அவளுக்கு அரைப்பேர்தான் போட்டிருந்தார்கள்.

"முழுப்பேரா கேக்குது?" என்றாள்.
"எத்தனை கிலோவுக்கு?"

செக்ரோலில் அவள் மரகதம்.
அடையாள அட்டையில்
ஒரு கிளாக்கரின் கையிலிருந்து ஒற்றை எழுத்து தவறி விழுந்து
முப்பது வருசமாக மரகதவலி.
கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
கொழுந்துக் கறை ஏறிய விரலால்
அவளே ஒவ்வொன்றாகத் தேடி அடித்தாள்.
ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்,
"இந்த ல் எங்க இருக்கு?"
மரகதவல்லி.

கடவுச்சொல் வந்ததும்
"எல்லாரும் திரும்புங்க," என்றாள்.
சுவரைப் பார்த்தோம். பழக்கம்தானே.

மறந்துபோனால் ஞாபகப்படுத்த
ஒரு குறிப்பும் எழுதவேண்டும் என்றேன் சுவரிடம்.
அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும் கால் மணிநேரம்
கை கழுவிவிட்டு உள்ளே போகிறாள்.
நாங்கள் கேட்பதில்லை.

அட்மின் நினைத்தால் எந்தக் கணக்கையும் உடைக்கலாம்.
நான் உடைக்கவில்லை.
ஆனால் போன செவ்வாய், அவள் மலையில் இருந்த நேரம்,
அவள் படத்தை அழுத்தி
என் பிறந்த தேதியை அடித்தேன்.
நிச்சயம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.
பிழை.
ரொஷாந்தனுடையது. பிழை.
பிரியங்கனியுடையதும் பிழை. எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.
பெட்டிக்குக் கீழே
அவள் எழுதிய குறிப்பு வந்து நின்றது:

ஒனக்கு எதுக்கு

சட்டென்று அணைத்துவிட்டேன்.
தவறிய முயற்சிகளை அது எங்கேயாவது
பதிந்து வைக்குமா, அவளிடம் காட்டுமா,
அட்மினுக்கே தெரியவில்லை.