ஈரப்பதம்

காலையிலிருந்து முப்பத்தோரு குவியல்.
கைப்பிடி நெல், கருவியின் வாய்,
பத்தொன்பது. இருபத்தொன்று. இருபது புள்ளி ஆறு.
‘காயப் போட்டு எடுத்துட்டு வாங்க.’
எங்கே காயப் போடுவது என்று
யாரும் கேட்கவில்லை.
அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பூந்தோட்டம் கொள்முதல் நிலையத்தில்
ஐப்பசி முழுக்க என் பெயருக்குத் திட்டு விழும்.

நெல் சுணை அரித்த கழுத்தோடு
ஆறரை பஸ்ஸில் காரைக்கால் போனேன்.
மரியசூசை வீட்டு மொட்டைமாடியில்
ஒரே ஒரு பாட்டில்.
அவன் மச்சினன் பிரான்சிலிருந்து
மூன்று லுங்கிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது.
கோதுமை பீர். எட்டரை சதவீதம்.
லேபிளில் பச்சையாக ஒன்று,
பூவா பிஞ்சா தெரியவில்லை.
‘ஹாப்ஸாம். கசப்புக்குப் போடுறது.’
கசப்பைக் காசு கொடுத்தா?
‘நீ பாவக்கா வாங்கினதே இல்ல பாரு.’

எவர்சில்வரில் ஊற்றக் கூடாது என்று
அவன் அக்கா ரெஜினா
கண்ணாடித் தம்ளர் மூன்று கொண்டுவந்தாள்.

நுரை ஏறி நின்றது. இறங்குவதாக இல்லை.
அதன் கீழே கலங்கல்:
வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் அரசலாறு,
அதிலும் வெயில் விழுந்த இடம் மட்டும்.

குடிக்கவில்லை, முதலில் முகர்ந்தேன்.
தொழில் பழக்கம்.
தோல் கறுக்கத் தொடங்கிய பூவன் பழம்.
பழத்தில் யாரோ கிராம்பு குத்தியிருக்கிறார்கள்.
நிச்சயத் தட்டு ஒன்று
ஆளில்லாத அறையில் திறந்து கிடப்பது போல.

முதல் வாய்
இனிப்பாகத்தான் வந்தது, கஞ்சியின் வழவழப்போடு.
ஏமாந்தேன்.
நடுநாக்கைத் தாண்டும்போது
நார்த்தை இலையைக் கசக்கி
பம்ளிமாஸ் தோலின் வெள்ளையைச் சுரண்டி
குங்கிலியப் புகை காட்டியது போல் ஒரு கசப்பு
கதவைத் தட்டாமல் உள்ளே வந்து
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

வேம்பு இல்லை.
வேம்பு வந்த வேலையை முடித்துப் போய்விடும்.
நிலவேம்பும் இல்லை, அதற்குக் காய்ச்சல் வேண்டும்.
இது
விழுங்கிய பிறகுதான் பேச ஆரம்பிக்கிறது.

ரெஜினாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி இல்லை.
அரைத் தம்ளர் குடித்து, மீசை நுரையைத் துடைத்து,
‘நல்லாத்தான் இருக்கு.
யார் மேலயோ கோவமா இருக்கு’ என்றாள்.
மரியசூசை சிரித்ததில்
நெத்திலி வறுவல் பாதி தரைக்குப் போனது.

இரண்டாம் தம்ளரில் சூடு.
காது மடலில் தொடங்கியது,
எங்கே முடிந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை.
கோதுமையைத் தேடினேன்.
ரேஷன் கடைச் சாக்கில் பார்த்ததுதான்,
நின்ற பயிராக அதை நான் கண்டதே இல்லை.
எந்த ஊர் வயலோ.
அங்கேயும் ஒருவன் இருப்பான்
கருவியும் குறிப்பேடுமாக.
அவனைத் தாண்டித்தான் இது வந்திருக்கும்.
எத்தனையில் விட்டானோ.

பத்தொன்பது வருடமாகத் தானியத்தைக் கடிக்கிறேன்.
கடக் என்றால் சரி.
மெத்தென்றால் திருப்பு.
வாயில் மிச்சமிருப்பதை வெளியே துப்பு.

பாட்டிலின் அடியில் வண்டல்.
மரியசூசை ஒரு சுழற்று சுழற்றி
எனக்கே விட்டான்.
பன் ரொட்டி, புழுதி,
மழைக்குக் கால்மணி நேரம் முந்திய காற்று.

விடிந்தும் அண்ணத்தில் இருந்தது,
பல் துலக்கி, இரண்டு டீ குடித்த பிறகும்.
முதல் குவியல் காத்தாயி அம்மாளுடையது.
மூன்றாம் தடவையாகக் கொண்டுவந்திருக்கிறாள்.
கருவி பதினெட்டு புள்ளி இரண்டு என்றது.
பதினேழுக்கு மேல் எடுக்கக் கூடாது.
அவளுக்கும் தெரியும். தார்ப்பாயின் நுனியை
மடித்துக்கொண்டு நின்றாள்.

நாலு நெல்லை வாயில் போட்டேன்.
உமி, கொஞ்சம் பால், லேசாகப் புளிப்பு,
எல்லாவற்றுக்கும் பின்னால்
நேற்றைய கோபம்.
கடக் என்று கேட்கவில்லை.

கேட்ட மாதிரி தலையை ஆட்டி
மூட்டை பிடிக்கச் சொன்னேன்.
துப்பவில்லை.